ஓடைக்குள் போய் வந்த வீடு

தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் அன்பரசிக்கு வாய் குழறும். கம்பைநல்லூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்தச் சிற்றூரில் மற்றவர்களின் வேலையெல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடும். வாத்தியார், கண்டக்டர், நர்சு, ஓசூரில் கம்பெனி. மாதேஸ்வரனின் வேலைக்கு அப்படி ஒரு சொல் அமையவில்லை.

“கம்ப்யூட்டர்ல மேப்பு போடறான்” என்பாள்.

“மேப்புதான் போன்லயே இருக்குதே. இருக்கறத என்னாத்துக்கு மறுபடி போடறான்?”

இந்த இரண்டாவது கேள்வி வந்தால், பேச்சை மாற்றி, ஜாக்கெட்டுக்குக் கை நீளம் எவ்வளவு வைப்பது என்று கேட்டுவிடுவாள்.

அன்பரசி பத்தாவது வரை படித்தவள். ரோட்டோரம் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி என்று அளவெழுதி வைத்திருக்கும் நோட்டுகள் அவளிடம் பதினொன்று இருக்கின்றன. அவளைவிட ஏழு வயது இளையவன் மாதேஸ்வரன். தர்மபுரியில் புவியியல் படித்தான். பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, யாரோ ஒரு வெளிநாட்டு ஊரின் தெருக்களை இரண்டு வருடம் வரைந்தான். அந்த ஊரில் எந்த மூலையில் தீயணைப்புக் குழாய் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்வான். கடத்தூர் சந்தைக்குப் போகும் குறுக்கு வழியைக் கேட்டால் தலையைச் சொறிவான். கொரோனாவில் ஊர் திரும்பியவன், மாவட்டத்துக் கிராமங்களைக் கணினி வரைபடமாக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தான். அதற்காக அன்பரசி கோயிலில் பொங்கல் வைத்தாள். என்ன வேலை என்று பூசாரி கேட்டபோது அங்கேயும் குழறினாள்.

அவன் சொல்லித் தராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினுக்கு எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வான்.

“பாருக்கா. குழாயடி ஒரு புள்ளி. ரோடு ஒரு கோடு. வயலு சுத்தி மூடின ஒரு கட்டம். உலகத்துல இருக்கறது அத்தனையும் இந்த மூணுல அடங்கிடும்.”

“நானு?”

“நீ புள்ளி.”

“இவ்வளவு பெரிய உடம்ப வச்சிக்கிட்டு நான் புள்ளியாடா?”

“மேல இருந்து பாத்தா புள்ளிதான். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலயும் உன் நோட்டு மாதிரி ஒரு பக்கம் இருக்கும். பேரு, வயசு, வூட்டு நம்பரு எல்லாம் அதுல.”

ரோடு ஒரு தாள், வீடுகள் ஒரு தாள், ஓடை ஒரு தாள், பட்டா எல்லைகள் ஒரு தாள், எல்லாமே கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் என்றான். லைனிங் துணி வைத்துத் தைப்பவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் கேட்டாள்: “தாளுங்க நழுவிட்டா?”

“அதுக்குத்தான் குண்டூசி குத்தற மாதிரி நாலு இடத்துல பிடிச்சி வைக்கறது.”

உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் போடுவது எப்படி என்று அவன் அரை மணி நேரம் விளக்கியபோது, “டாட் மடிப்பு பிடிக்காம தட்டைத் துணி உடம்புல எப்படிடா உட்காரும்? எங்கயாச்சும் இழுக்கத்தான் செய்யும்” என்றாள். அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். அன்றைக்கு முழுவதும் அவள் தைத்த தையல் நேராகவே ஓடியது.

போன புரட்டாசியில் அவர்கள் ஊரே அவன் பட்டியலில் வந்தது. அன்பரசிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய நில அளவைத் தாளை எடுத்துக்கொண்டு, கம்பத்தின் உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவியை மாட்டி, அவன் தெருவில் நடந்தபோது கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனாள். கணினியில் ஏற்றிய அந்தத் தாளைத் தரையோடு பொருத்த வேண்டும். தாளில் குறித்திருக்கும் சர்வே கற்கள் நிஜத்தில் எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடித்து, அந்தக் கருவியால் இடத்தைப் பதிவு செய்தால், அவைதாம் குண்டூசிகள்.

தாளில் பதினான்கு கற்கள் இருந்தன. தரையில் மூன்றுதான் கிடைத்தன. மற்றவை ஏரில் பெயர்ந்தோ, சிமெண்டுக்குள் புதைந்தோ போயிருந்தன. கிழக்கே மாந்தோப்பு ஓரத்தில் ஒன்று. தெற்கே கரட்டுச் சரிவில் ஒன்று. மூன்றாவது மேற்கே, தேர் திரும்பும் மூலையில் வேப்பமரத்தடியில் நின்றது. அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். எண்ணெய் இறங்கிப் பளபளவென்று இருக்கும்.

“இதான்டா நம்பூரு எல்லைக்கல்லு. இதவிட நல்ல கல்லு உனக்கு எங்க கெடைக்கும்?” என்று அன்பரசிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அவ்வழியே வந்த சென்னப்பனும் ஆமாம் என்றார். தேர்க் கமிட்டிக்கு முப்பது வருடமாகத் தலைவர் அவர். “அது அசையாத கல்லு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று புள்ளிகளைக் கொடுத்ததும் கணினி, பிழை பூஜ்யம் என்றது. அன்பரசி அந்தப் பூஜ்யத்தைக் கடைக்கு வந்த எட்டுப் பேரிடம் சொன்னாள். “எங்க தம்பி போட்டதுல தப்பே இல்லையாம். கம்ப்யூட்டரே சொல்லுச்சி.”

ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை, பெரியம்மாள் நனைந்தபடி கடைக்குள் வந்தாள். கணவன் இல்லாதவள். தார்ப்பாய் போட்ட ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். மூன்று வருடமாக அரசு வீட்டுக்கு எழுதிக்கொடுத்து, இந்த வருடம்தான் பெயர் வந்திருந்தது. வீட்டின் முன் நிற்க வைத்து, இடக்குறிப்போடு போனில் படம் எடுத்துப் போயிருந்தார் ஊராட்சி எழுத்தர்.

“அன்பு, என் வூடு ஓடைக்குள்ள இருக்குதாம்.”

“என்ன அத்தை சொல்றீங்க?”

“கிளார்க்கு சொல்றாரு. போட்டோவைப் போட்டா ஓடைப் பொறம்போக்குன்னு வருதாம். அங்க வூடு குடுக்க முடியாதாம். வெள்ளிக்கெழமையோட லிஸ்ட்டு மூடிடுவாங்களாம். உன் தம்பி போட்ட மேப்புலதான் அப்படி இருக்குதுன்னாரு.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள் அன்பரசி. ஓடை அந்த வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அவள் சின்ன வயதில் அந்தக் கரையில் உட்கார்ந்து கால் நனைத்திருக்கிறாள். வீடு எப்படி உள்ளே போகும்?

சாயங்காலம் மாதேஸ்வரன் திரையில் காட்டினான். டிரோன் எடுத்த படத்தில் பெரியம்மாளின் ஓடும் நீலத் தார்ப்பாயும் தெளிவாகத் தெரிந்தன. மேற்கே, பச்சைப் புதருக்கு நடுவே ஓடையும் தெரிந்தது. ஆனால் அதன்மேல் விரித்த எல்லைத் தாளில், ஓடை என்று குறித்த கட்டம் நேராகத் தார்ப்பாயின்மேல் ஓடியது.

“படத்துல ஓடை அங்க இருக்குது. கோட்டுல இங்க இருக்குது. ரெண்டுல எதுடா நெசம்?”

“அதான்க்கா எனக்கும் புரியல. கெழக்கால மாந்தோப்புப் பக்கம் பாரு, கோடு வரப்பு மேலயே உக்காந்திருக்குது. தெக்கயும் சரி. இங்க வர வரத்தான் வெலகுது.”

“உங்க ஆபீசுல கேட்டியா?”

“கேட்டேன். தாளுதான் ரெக்கார்டு, தப்பு பூஜ்யம்னு வருது, அப்ப ஓடைய மண்ணு போட்டுத் தூத்து வூடு கட்டியிருப்பாங்கங்கறாங்க.”

அந்தப் பேச்சு மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் இரண்டு பேர் பெரியம்மாளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்பரசி அவள் வீட்டுக்குப் போனபோது, பெரியம்மாள் வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அன்பு, எங்க மாமனாரு காலத்துல மண்ணு கிண்ணு கொட்டியிருப்பாங்களோ? எனக்குத் தெரியாம இருக்குமோ?”

“நீங்களே இப்படிக் கேட்டா எப்படி அத்தை?”

“கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு நீதான கண்ணு சொன்னே.”

அன்பரசி ஓடை பக்கம் நடந்தாள். கரையில் நின்று வீட்டைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஓடையைப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற ஓடை ஒன்று, தாளில் இருக்கிற ஓடை இன்னொன்று. தம்பியை நம்பினால் அத்தை பொய்க்காரி. அத்தையை நம்பினால் தம்பியின் பூஜ்யம் பொய். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

மதியம், அந்த அளவைத் தாளின் நகலைக் கட்டிங் மேசையில் விரித்தாள். புரியாத கோடுகளுக்கு நடுவே அவளுக்குப் புரிகிற ஒன்று இருந்தது: எண்கள். எந்தக் கோட்டுக்கு எவ்வளவு நீளம் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள், அவள் நோட்டில் எழுதுகிற மாதிரியே. மேற்கு மூலைக் கல்லிலிருந்து, அதற்கும் மேற்கே இருக்கும் ஊர்ப் பொதுக்கிணற்றின் கரை வரை ஒரு கோடு. அதன்மேல் 23.4 என்று இருந்தது. மீட்டர் கணக்கு.

கிணறு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வட்டக் கல் கட்டுமானம்.

புதன்கிழமை காலை, தையல் டேப்பையும் சாக்குக்கட்டியையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். அவள் டேப் நூற்றைம்பது சென்டிமீட்டர். இருபத்து மூன்றே கால் மீட்டருக்குச் சற்று மேல் என்றால், பதினைந்து டேப்பும் தொண்ணூறு சென்டிமீட்டரும் வர வேண்டும். முதல் நாளே நோட்டில் கணக்குப் போட்டு, இரண்டு தரம் சரிபார்த்திருந்தாள். கயிறு கட்டி நேர் பிடித்து, சிமெண்டு ரோட்டில் ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டே கிணற்றை நோக்கிக் குனிந்து போனாள்.

“என்னா அன்பரசி, ரோட்டுக்கு ஜாக்கெட் தைக்கறியா?” என்று ஒருத்தி பால் கேனோடு கேட்டுவிட்டுப் போனாள்.

பதினைந்து வந்தது. பதினாறு வந்தது. கிணறு இன்னும் தூரத்தில் இருந்தது. எண்ணிக்கை தப்பிவிட்டதென்று திரும்பிப் போய் முதலிலிருந்து அளந்தாள். மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் இருபத்து மூன்று டேப்பும் பத்து சென்டிமீட்டரும் வந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள். “மாதேசு, தாளுல இருபத்து மூணு புள்ளி நாலு. தரையில முப்பத்து நாலு புள்ளி ஆறு. பதினோரு மீட்டரு கூட வருதுடா. நான் எங்கயோ தப்பு பண்றனா?”

“அங்கயே இருக்கா” என்றான்.

வந்தவன் தன் டேப்பால் அளந்தான். அதே அளவுதான். கிணற்றுக் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஒண்ணு கெணறு நகந்திருக்கணும். இல்ல, கல்லு நகந்திருக்கணும்.”

“கெணறு எப்படிடா நகரும்?”

“அதான்.”

“அப்ப தப்பு பூஜ்யம்னு அது ஏன் சொல்லுச்சி?”

“மூணு புள்ளி குடுத்தா பூஜ்யம்தான்க்கா வரும். தாள இழுத்துச் சாய்ச்சி மூணுலயும் கச்சிதமா ஒக்கார வச்சிடும். நாலாவது ஒண்ணு இருந்தாத்தான் எங்கயோ இடிக்குதுன்னு தெரியும். நாலு வேணும்னு படிச்சிருக்கேன். கல்லு கெடைக்கல, நாளும் இல்ல, மூணோட விட்டுட்டேன்.”

அன்பரசிக்கு இது பாதி புரிந்தது. மார்பு, இடுப்பு, தோள் மூன்றையும் அளந்து தைத்துவிடலாம். கைக்குழியை அளக்காமல் விட்டால், போட்டுப் பார்க்கும்போதுதான் பிடிக்கும். ஆனால் எட்டுப் பேரிடம் தான் சொன்ன பூஜ்யம் நினைவுக்கு வந்ததும் காது சுட்டது.

அசையாத கல் என்று சொன்னவரையே கேட்கலாம் என்று இருவரும் போனபோது, சென்னப்பன் தன் களத்தில் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, அந்தக் கல்லு முன்னாடி எங்க இருந்துச்சி?” என்று எடுத்ததுமே கேட்டாள் அன்பரசி.

“எந்தக் கல்லு?”

“ஊருக்கு எத்தன மஞ்சக் கல்லு இருக்குது?”

“அது அசையாத கல்லுன்னு உன் தம்பிகிட்ட அன்னிக்கே சொன்னனே.”

“பதினாறு டேப்புக்குள்ள வர வேண்டியது இருபத்து மூணு வருதுங்க.”

“ஜாக்கெட் அளக்கற டேப்புல ஊர அளக்க வந்துட்டியா நீ?”

“உங்க வூட்டுல போட்டிருக்கற ஜாக்கெட்டும் அதுல அளந்ததுதான். அது சரியா இருக்குதில்ல?”

சென்னப்பன் குழாயைக் கீழே போட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. “கல்லத் தொட்டா கேசு, தெரியுமில்ல? இந்த வயசுல என்ன தாலுகா ஆபீசுக்கு இழுக்கப் பாக்கறியா?”

மாதேஸ்வரன் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “யாரு நகத்துனாங்கன்னு எனக்கு வேணாங்க பெரியப்பா. மேப்புல நகத்துன ஆளு பேரு எழுத எடமே இல்ல. பழைய எடம் எதுன்னு மட்டும் காட்டுங்க. பெரியம்மா அத்தைக்கு வூடு போயிடும்.”

“அந்தம்மா வூட்டுக்கும் கல்லுக்கும் என்னா சம்பந்தம்?”

“கல்லக் கெழக்கால வச்சிட்டாங்க. தாளு அத்தோட சேந்து கெழக்கால வந்துடுச்சி. தாளுல இருக்கற ஓடையும் வந்துடுச்சி.”

சென்னப்பன் வெகுநேரம் யோசித்தார். எத்தனை யோசித்தும் ஒரு கல்லுக்குப் பின்னால் ஓடை எப்படி வரும் என்பது அவருக்கு விளங்கவில்லை என்று முகமே சொன்னது. இருந்தாலும் சொன்னார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் புதுத் தேர் செய்தார்கள். இரும்புச் சக்கரம், அகலம் அதிகம். மூலையில் திரும்பும்போது கல் இடித்தது. ஐந்து பேர் விடியற்காலையில் போய்க் கல்லைப் பெயர்த்து வேப்பமரத்தடியில் நட்டார்கள்.

“எல்லைக்கல்லத் தொட்டது பாவமில்லையா? அதான் மஞ்ச பூசி, கற்பூரம் காட்டி, மன்னிச்சிக்கோன்னு கேட்டோம். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அஞ்சு பேரும் பூசுனோம். அப்புறம் பொம்பளைங்க பூச ஆரம்பிச்சாங்க. ஏன்னு யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல.”

அன்பரசி தம்பியைப் பார்த்தாள். பதினான்கில் கிடைத்த மூன்று கற்களில் அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் இதை அவர்கள் அதிகமாக நம்பினார்கள். நகர்த்திய குற்றத்துக்குப் பூசிய மஞ்சள் அது. தானும் வருடக்கணக்காக அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சென்னப்பன் எழுந்து வந்து ரோட்டோரம் ஒரு இடத்தைக் காலால் காட்டினார். அளந்தார்கள். கிணற்றுக்கு இருபத்து மூன்று மீட்டரும் ஐம்பது சென்டிமீட்டரும் வந்தது.

மாதேஸ்வரன் அலுவலகத்துக்கு எழுதியதை அன்பரசி அனுப்பும் முன் வாங்கிப் படித்தாள். “மேற்குப் புள்ளியை நான் தேர்ந்தெடுத்தது தவறு. சரிபார்ப்புப் புள்ளி வைக்காததும் என் தவறு” என்று இருந்தது.

“கல்லு நகந்துடுச்சின்னு போட்டா போதாதா? உன் தப்புன்னு எதுக்குடா எழுதற? வேலைய விட்டு எடுத்துட்டா?”

“கல்லு மேல பழியப் போட்டா, யாரு நகத்துனாங்கன்னு அடுத்த கேள்வி வரும்க்கா.”

அவள் அதை இன்னொரு தரம் படித்தாள். அந்த எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை என்பதையும் கவனித்தாள்.

மஞ்சள் கல்லை விட்டுவிட்டு, தாளில் குறித்திருந்த நான்கு பழைய கிணறுகளைத் தேடிப் பிடித்துப் புதிய புள்ளிகளாக்கினான். பழைய இரண்டு கற்களோடு சேர்த்து ஆறு. இந்த முறை பிழை பூஜ்யம் வரவில்லை. முப்பது சென்டிமீட்டர் வந்தது.

“அய்யோ, தப்பு இருக்குதே” என்றாள் அன்பரசி.

“இருக்குது. அதான் நல்லது.”

“தப்பு இல்லாதப்ப தப்பா இருந்துச்சி. இப்ப தப்பு இருக்குது, சரியா இருக்குதா?”

“ஆமாக்கா.”

திரையில் ஓடையின் நீலக் கட்டம் தார்ப்பாயை விட்டு விலகி, பச்சைப் புதருக்கு நடுவே தெரிந்த ஓடைமேல் போய்ப் படுத்திருந்தது. வியாழக்கிழமை மாலை அலுவலகம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அவனுடைய ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் தை மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஊராட்சி எழுத்தர் மறுபடியும் படமெடுக்க வந்தார். பெரியம்மாள் குளித்து, ஈரத் தலையோடு, பெயரும் எண்ணும் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அன்பு, திங்கக்கெழமை ஓடைக்குள்ள இருந்தேன். இப்பக் கரையில இருக்கேனாம். நான் நவுரவே இல்லியே கண்ணு?”

“நீங்க நவுரல அத்தை. தாளுதான் நவுந்துச்சி. அதாவது, தாளு இல்ல, கல்லு. கல்லு முன்னாடியே நவுந்துடுச்சி, தாளு அதுக்குப் பின்னால…” அன்பரசி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதவிக்கு வரவில்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மூஞ்சில வெயில் அடிக்குதும்மா, கண்ணே தெரியல. ரெண்டடி இந்தாண்ட வாங்க” என்றார் எழுத்தர்.

பெரியம்மாள் இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றினாள்.

“நான் வர மாட்டேன் சாமி. இருக்கற எடத்துலயே எடுங்க. வேணும்னா நீங்க நவுருங்க.”

“ரெண்டடிதானம்மா. ஒண்ணும் ஆவாது.”

“ஒண்ணும் ஆவாதுன்னுதான் அந்தக் கல்லையும் நவுத்தியிருப்பாங்க.”

எழுத்தர்தான் நகர்ந்தார். சுவரோரம் போய், ஒரு காலைச் சாக்கடையின் அந்தப் பக்கம் வைத்து, முழங்காலை மடக்கி, போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தார். கண்ணைச் சுருக்கி, சிலேட்டை மார்போடு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியம்மாள், இடம் சரி என்று போனில் பச்சை விழுந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.